காபி வருகிறது

சாலிகிராமத்துல ஒரு தெரு, அந்தத் தெருவுல மூணு மாடி வீடு ஒண்ணு, அந்த வீட்டு மொட்டை மாடியில தகரக் கூரை போட்ட ஒத்த ரூம் ஒண்ணு, அந்த ரூமுக்குள்ள ஒரு செவ்வாக்கிழமை காலைல, யாரும் கொண்டுவந்து விடாம, யாரும் கதவைத் தொறக்காம, வசுமதின்னு ஒரு பொம்பளை உக்காந்திருந்தா. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது, பழைய கொடிக்கயித்தைச் சுத்தித்தான் கட்டி வச்சிருந்தாங்க. இப்ப உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு, கடையில இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி மின்னிக்கிட்டுத் தொங்குச்சு.

மொதல்ல பாத்தது இஸ்திரி போடுற கன்னியப்பன். காயப்போட்ட வேட்டியை எடுக்க மேல போனவர், ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி ஒரு முகத்தைப் பாத்துட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு, வேட்டியை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டுக் கீழ வந்து, தரைத்தளத்துல மெஸ் நடத்துற ரோஸ்மேரி கிட்ட சொன்னார்.

"மேல ஒரு அம்மா கீது. பூட்டி வச்சிக்கீறாங்க. குடிக்க எதனா கேக்குது."

"டீ தர்றேன். சக்கரை போட்டா, போடாமலா?"ன்னு கேட்டா ரோஸ்மேரி.

"அத்த கேக்கலியே"ன்னு கன்னியப்பன் மறுபடியும் மூணு மாடி ஏறினார்.

அந்தத் தெரு அதிசயப்பட்டது அவ்வளவுதான். அது சினிமாக்காரங்க தெரு. காலைல முனிவரா கெளம்பிப் போறவன் சாயங்காலம் பிணமா நடிச்ச மேக்கப்போட வந்து புரோட்டாவுக்கு சால்னா பத்தலைன்னு சண்டை போடுவான். நெத்தியில குண்டடி பட்ட ஓட்டையோட ஒருத்தன் ரேஷன் கடை வரிசையில நிப்பான், பின்னாடி நிக்கிறவன் "தள்ளி நில்லு"ன்னு சொல்லுவானே தவிர ஓட்டையைப் பத்திக் கேக்க மாட்டான். அப்படியாப்பட்ட தெருவுல, பூட்டின ரூமுக்குள்ள ஒரு பொம்பளை மொளைச்சு வந்தா அதுக்கு என்ன பண்ண முடியும், டீதான் குடுக்க முடியும். ஹவுஸ் ஓனர் மட்டும் மாடிப்படியில நின்னு, "ஆள் வர்றதுன்னா சொல்லிட்டு வரணும், டேங்க் தண்ணி யாருக்குப் பத்தும்?"னு ரெண்டு நாள் கத்தினார். மூணாவது நாள் வசுமதிக்கிட்டயே தன் முட்டி வலியைப் பத்திச் சொல்லிக்கிட்டு நின்னார்.

ஆனா ரெண்டாவது மாடியில சினிமாக் கதை வேலை பாக்குற இசக்கிக்குப் பாத்த நிமிஷமே வந்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. பச்சை நூல் சேலை, முந்தானையில இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. அது சீன் நாப்பதுல வர்ற தழும்பு. அந்தத் திரைக்கதையை இசக்கி முப்பத்தியொரு தரம் படிச்சிருந்தா.

இசக்கிக்கு இருபது வயசு. தூத்துக்குடிக்குப் பக்கத்துல உப்பளத்து ஊரு. ஃபிலிம் காலேஜ்ல மூணாம் வருஷம் திரைக்கதை படிக்கிறா, படிக்கிறான்னு சொல்றதைவிட வாத்தியாருங்களோட சண்டை போடுறான்னு சொன்னா சரியா இருக்கும். அவங்க காலேஜுக்கு டைரக்டர் தர்மசீலன் தன் ரெண்டாவது படத்தைப் போட்டுக் காட்ட வந்தப்ப, எல்லாரும் கைதட்டி முடிச்ச பெறகு இவ எந்திரிச்சு, "அந்தாளை ரெண்டு நாளு கெணத்துக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க, மூணாவது நாளு அவன் போன் அடிக்குது. கெணத்துக்குள்ள சார்ஜ் போட பாயிண்ட் இருந்துச்சா சார்?"னு கேட்டா. ஹாலே சிரிச்சுச்சு. தர்மசீலனுக்கு முகம் சுண்டிப்போச்சு, இருந்தாலும் போகும்போது இவளைக் கூப்பிட்டு, "அடுத்த படத்துக்கு லாஜிக் பாக்க ஒரு வாய் வேணும், வர்றியா?"ன்னு கேட்டார். அப்படித்தான் அந்த மூணு மாடி வீட்டு ரெண்டாவது மாடியில, செவுரு பூரா சீன் அட்டை குத்தி வச்சிருக்கிற டிஸ்கஷன் ரூமுக்கு இசக்கி வந்து சேந்தா.

படம் சைக்கலாஜிக்கல் த்ரில்லர். டாக்டர் புருஷன் ஒருத்தன், பொண்டாட்டி வசுமதியோட காபியில தினம் மாத்திரையைக் கலந்து, இல்லாததை எல்லாம் பாக்க வச்சு, உனக்குப் பைத்தியம்னு அவளையே நம்ப வைக்கிறான். சீன் முப்பத்தெட்டுல மாடி ரூம் சாவியைக் கடல்ல வீசுறான். சீன் நாப்பத்திரெண்டுல அவளை ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டுறான். இடைவேளை. சீன் நாப்பத்திமூணுல வசுமதி ஊதாப் பையோட விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. சீன் நாப்பத்திநாலுல, பிற்பகல் மூணு மணிக்கு, புருஷன் மாடிக்கு வந்து பாக்குறான்: பூட்டு பூட்டினபடி இருக்கு, கதவுல, ஜன்னல்ல, கூரையில ஒரு கீறல் இல்ல, உள்ள ஆள் இல்ல. அந்த சீனைக் கேட்டுட்டுத்தான் ஹீரோ முழுக்கதை கேக்கவே ஒத்துக்கிட்டார்.

"எப்படி சார் வெளிய வந்தா?"ன்னு திங்கக்கிழமை சாயங்காலம் இசக்கி கேட்டா.

"இடைவேளையில வந்துட்டா"ன்னார் தர்மசீலன்.

"இடைவேளையில எப்படி வந்தா?"

"அதான் இடைவேளைன்னு சொல்றேன்ல. ஜனம் வெளிய போய், பாப்கார்ன் வாங்கி, பாத்ரூம் வரிசையில நின்னு திரும்பி வர்றதுக்குள்ள அவளும் வெளிய வந்துடுவா. ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா."

"நான் கேப்பேன்."

"நீ ஒருத்தி."

"நானும் டிக்கெட் வாங்கித்தான சார் உள்ள வர்றேன்?"

தர்மசீலன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஹீரோவுக்கு முழுக்கதை சொல்லணும், அதுக்குள்ள வழி கண்டுபிடி, இல்லைன்னா சீன் நாப்பத்திமூணுல அவளைப் பொணமாக் காட்டிடலாம், பொணம் எப்படி வந்துச்சுன்னு எவனும் லாஜிக் கேக்க மாட்டான், வில்லன் வேற வழியில கொண்டுபோய்ட்டான்னு நெனச்சுக்குவான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனார். மறுநாள் காலைல மேல வசுமதி உக்காந்திருந்தா, இடைவேளைக்கு முன்னாடி இருந்து கெளம்பி, இடைவேளைக்குப் பின்னாடி போய்ச் சேர வழியில்லாம.

"நான் விழுப்புரத்துல இருக்கேன்"னு ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு இசக்கிகிட்ட சொன்னா வசுமதி. கொரல் மெதுவா, அவசரமே இல்லாம இருந்துச்சு. "மத்தியானமானா கண்டக்டர் கத்துறது கேக்குது. திண்டிவனம் திண்டிவனம்னு. செருப்புல அந்த ஊர் மண்ணு ஒட்டியிருக்கு, இங்க பாரேன். ஆனா எப்படிப் போனேன்னு மட்டும் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க மேடம்."

அக்கான்னு கூப்பிட்டிருக்கலாம், வயசு அப்படித்தான். இசக்கிக்கு அந்த வார்த்தை வாயில வராது. ஆறு வருஷமா வராது.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தா, பேச்சி. நிச்சயத்தன்னைக்கு, வந்த சனம் முன்னாடி மாட்டேன்னு சொன்னா. அய்யா அவளைப் பொறவாசல் ரூமுல போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டார். ரெண்டு நாளு. மூணாவது நாளு சாயங்காலம் அய்யா தொறந்தப்ப பூட்டு பூட்டினபடி இருந்துச்சு, உள்ள பேச்சி இல்ல. சாவி அய்யா இடுப்பை விட்டு எறங்கவே இல்ல. ஊரு ஒரு வாரத்துல முடிவு பண்ணிருச்சு, அம்மன்தான் வந்து அந்தப் புள்ளையைக் கூட்டிட்டுப் போய்ட்டான்னு. அந்த ரூம் வாசல்ல சூடம்கூட ஏத்தினாங்க. பதினாலு வயசு இசக்கிக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. எங்கக்கா என்ன பனங்கெழங்கா, அம்மன் பிடுங்கிட்டுப் போறதுக்குன்னு பூசாரி மூஞ்சிக்கு நேரா கேட்டா. ஸ்கூல் ஸ்கேலை வச்சு ஜன்னல் கம்பிக்கு நடுவுல அளந்தா, ஓட்டை எண்ணினா, பால்காரன்ல இருந்து லாரி டிரைவர் வரைக்கும் நிறுத்தி நிறுத்தி விசாரிச்சா. அன்னைக்கு மத்தியானம் அரைத்தூக்கத்துல, பூட்டை யாரோ ரெண்டு தரம் இழுத்துப் பாக்குற சத்தம் கேட்டுச்சுன்னு ஞாபகம் இருந்துச்சு, அய்யாவா இருக்கும்னு விட்டுட்டா. அம்மா எங்க இருந்தா? அம்மா அடுப்படியில இருந்தா. எப்பவும் அடுப்படியிலதான் இருந்தா. பெத்த மகளைப் பூட்டி வச்சப்பவும் வாயைத் தொறக்காம கொழம்பு கூட்டிக்கிட்டு இருந்தான்னு இசக்கிக்கு அம்மா மேல ஒரு கோவம், மெட்ராஸுக்கு வந்தும் ஆறலை. போன் பண்ணினா நல்லாருக்கேன், வைக்கேன், அவ்வளவுதான்.

அதனால தர்மசீலன் நெனச்ச மாதிரி அது வெறும் வாய் இல்ல. பூட்டின ரூமுக்குள்ள இருந்து ஒரு பொம்பளை எப்படி வெளிய வந்தான்னு யாராவது சொல்லியே ஆகணும்னு அவளுக்கு இருந்துச்சு.

தெரு பூரா அதுல எறங்கிருச்சு. அந்தத் தெருவுல கதை சொல்லத் தெரியாதவன்னு எவனும் கிடையாது, தண்ணி லாரி ஓட்டுறவன்கூட ஒத்த வரியில ஒரு கதை, ஒன்லைன், வச்சிருப்பான். "அம்மா, கூரைத் தகரத்தை ஒதுக்கிட்டு வந்துரட்டும்"னு மொதல் ஐடியா குடுத்தது கன்னியப்பன். இசக்கி அதை ஒரு அட்டையில எழுதி, நாப்பத்திரெண்டுக்கும் நாப்பத்திமூணுக்கும் நடுவுல குத்தினா. மறுநாள் காலைல தகரம் ஒதுங்கிக் கெடந்துச்சு, வசுமதி ரோஸ்மேரி மெஸ்ல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருந்தா. தெருவே வந்து பாத்துச்சு. வசுமதி எல்லாரையும் பேர் சொல்லி விசாரிச்சா, வெயில் எவ்வளவு நல்லாருக்குன்னு சொன்னா, வீட்டுக்கு வீடு நின்னு பேசிட்டு, மத்தியானத்துக்கு மேலதான் பஸ் ஏறக் கெளம்பினா. ரோட்டு முனை தாண்டல, மணி மூணு ஆச்சு, சீன் நாப்பத்திநாலு நேரம். கூரையில ஒரு கீறல் இருக்கக் கூடாது. தகரம் தன்னால போய் உக்காந்துக்கிச்சு, வசுமதி மேல கம்பிக்குப் பின்னாடி நின்னா, கையில ரோஸ்மேரி கட்டிக்குடுத்த எலுமிச்சம் சாதப் பொட்டலத்தோட.

"பரவால்ல"ன்னா வசுமதி. "முனை வரைக்கும் போய்ட்டேன்ல."

அப்புறம் கம்பியை அறுத்தாங்க, சுவத்துல ஓட்டை போட்டாங்க, கதவுக் கீலைக் கழட்டினாங்க, எல்லாம் அட்டையிலதான். ஒவ்வொண்ணுக்கும் காலைல வெளிய வருவா, மூணு மணிக்கு உள்ள போய்டுவா. கள்ளச்சாவின்னு ஒருத்தன் சொன்னான், அந்த அட்டைக்கு அவ காலைலகூட வெளிய வரல. "பூட்டு வெளிய தொங்குதுடா, உள்ள இருக்கிறவ கையி கதவைத் தாண்டி நீளுமா?"ன்னு இசக்கி அவனைக் கடிச்சா. வெளிய இருந்து யாராவது தொறந்து விட்டாத்தான் உண்டு. "யாரு தொறப்பா? வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு, அவனும் அவளும்"னார் தர்மசீலன். இசக்கியும் முப்பத்திரெண்டாவது தரம் படிச்சுப் பாத்துட்டு, ஆமா, ரெண்டே பேருதான்னு ஒத்துக்கிட்டா.

இதுக்குள்ள வசுமதி தெருவுல ஒரு ஆளாவே ஆய்ட்டா. சாயங்காலம் புள்ளைங்க வீட்டுக்கணக்கைத் தூக்கிக்கிட்டு மேல ஓடுச்சுங்க. ஒரு சண்டை வந்தா, மேல இருக்கிற அம்மாகிட்ட போய்ச் சொல்லுன்னு அனுப்பி வைக்கிற அளவுக்குப் பழகிருச்சு. வோட்டர் லிஸ்ட் சரிபாக்க வந்த டீச்சரு வெயில்ல மூச்சு வாங்க மாடியேறி, "நிரந்தர முகவரி?"ன்னு கேட்டாங்க. "இப்போதைக்கு சீன் நாப்பத்திரெண்டு"ன்னா வசுமதி. டீச்சர் அதை எழுதி, அதுக்கு நேரா பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு, ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாங்க. ஆனா மத்தியானம் ஆச்சுன்னா எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. அந்த நேரத்துல வசுமதி தெக்குப் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டு, யாருக்கும் கேக்காத கண்டக்டர் கொரலைக் கேட்டுக்கிட்டு நிப்பா, பஸ் ஒண்ணு அவளை விட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கிற மாதிரி அவ கழுத்து மெல்லத் திரும்பும். அதைப் பாக்க முடியாம ரோஸ்மேரி முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டுக் கீழ எறங்கிடுவா.

வியாழக்கிழமை வந்துருச்சு. மறுநாள் ஹீரோவுக்குக் கதை சொல்லணும். தர்மசீலன் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால ஒரு புது அட்டையில எழுதி வச்சுட்டார்: விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. வசுமதியின் உடல். இன்னும் குத்தல, மேஜை மேல கெடந்துச்சு. இசக்கி அதைக் கவுத்து வச்சுட்டு, டீயை எடுத்துக்கிட்டு மேல போனா.

வசுமதி டீயை வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டு, ஜன்னல் கட்டையில வச்சா.

"தப்பா நெனைக்காத இசக்கி. இத்தனை நாளும் சொல்லல. எனக்கு டீ ஒத்துக்காது. காபி குடிச்சுப் பழகிட்டேன். அத்தை போடுற காபி."

"எந்த அத்தை?"

"எங்க மாமியார்."

"உங்களுக்கு ஏது மேடம் மாமியார்? ஸ்கிரிப்ட்ல அப்படி ஒரு ஆளே கிடையாதே."

"அப்ப காபி யாரு கொண்டு வர்றா?"ன்னு கேட்டா வசுமதி. சண்டைக்குக் கேக்கல, நெசமாவே தெரியாம கேட்டா.

இசக்கி ரெண்டு ரெண்டு படியா தாவிக் கீழ எறங்கினா. ஸ்கிரிப்டைப் பிரிச்சா. சீன் மூணு: இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காபி வருகிறது. சீன் ஒன்பது: காபி வருகிறது. சீன் பதினாலு: காபி வருகிறது, அவன் மாத்திரையைக் கலக்குகிறான். பக்கம் பக்கமா புரட்டினா. பதினோரு எடத்துல காபி வருகிறது. காபிக்குக் காலா இருக்கு, தன்னால நடந்து வர்றதுக்கு? கெணத்துக்குள்ள போன் எப்படி அடிச்சுதுன்னு கேட்டவ, முப்பத்திரெண்டு தரம் படிச்சவ, இதை ஒரு தரம்கூடக் கேக்கல.

"சார், இந்த வீட்டுல மூணு பேர் இருக்காங்க."

"யாரு?"

"காபி போடுறவ. அவன் அம்மா."

தர்மசீலன் வாங்கிப் பாத்தார். "இது சும்மா... பழக்கத்துல எழுதுறதுமா. எல்லா ஸ்கிரிப்ட்லயும் இருக்கும்."

"எல்லா வீட்டுலயும்தான் சார் இருக்கு. சீன் இருபத்தேழுக்கு அப்புறம் அவளுக்கு ஏன் மயக்கம் தெளியுதுன்னு கேட்டேன், மருந்து பழகிடுச்சுன்னு மழுப்புனீங்க. மருந்து பழகல. காபி கொண்டு வர்றவ அந்தக் காபியை அடுப்படியில கொட்டிட்டு வேற காபி கொண்டு வந்திருக்கா."

"சரி, சாவி? கடல்ல போட்டாச்சே."

"எந்த ஊருல சார் ஒத்த சாவியோட பூட்டு விக்கிறான்? ஒரு பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு ஆம்பளை இடுப்புல இருக்கும். இன்னொண்ணை..." இசக்கிக்கு ஊர்ல அவங்க அடுப்படி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஏன்னு அப்ப அவளுக்குத் தெரியல. "இன்னொண்ணை அடுப்படியில எதுக்குள்ளயாவது போட்டு வச்சிருப்பா."

"பெத்த மகனுக்கு எதிரா ஒரு அம்மா போவாளா? மோட்டிவ் என்ன?"

"பதினோரு தரம் காபி கொண்டு வந்திருக்கா. பதினோரு தரமும் அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்திருக்கா. இதுக்கு மேல என்ன சார் மோட்டிவ் வேணும் உங்களுக்கு?"

தர்மசீலன் செவப்பு மையில எழுதின அட்டையை ரெண்டாக் கிழிச்சார். இசக்கி புது அட்டையில ரெண்டே வரி எழுதினா. சீன் நாப்பத்திரெண்டு ஏ. மாடி. பகல். அத்தை காபி கொண்டு வருகிறாள்.

மணி ரெண்டரை இருக்கும். மாடிப்படியில ஒரு அம்மா ஏறி வந்தா, கையில டபரா செட்டு, தோள்ல ஊதாப் பை. யாரும் யாருன்னு கேக்கல, ஒதுங்கி வழி விட்டாங்க. முகம் எழுதப்படாததால அவ முகத்தை யாராலயும் பெறகு சொல்ல முடியல. எங்க அண்ணி ஜாடைன்னார் கன்னியப்பன். செத்துப்போன எங்கம்மாதான் அதுன்னு ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கிட்டா. இசக்கி முகத்தைப் பாக்கவே இல்ல, கையைத்தான் பாத்தா. உப்புத் தண்ணியில ஊறி ஊறி வெடிச்ச வெரலு. சினிமாவுல டாக்டரோட அம்மாவுக்கு அப்படிக் கை இருக்க வேண்டிய அவசியமே இல்ல.

அந்தம்மா டபராவைத் தரையில வச்சுட்டு, இடுப்புல இருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் தொறந்தா. வசுமதி வெளிய வந்து, நின்னுக்கிட்டே காபியைக் குடிச்சு முடிச்சா. அந்தம்மா அவ கன்னத்தை ஒரு தரம் தடவினா, பையைக் கையில குடுத்தா. வசுமதி படியெறங்கிப் போனா, தெரு பூரா அவ பின்னாலயே போச்சு. மேல அந்தம்மா காலி ரூமைப் பூட்டினா. பூட்டிட்டு, பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பாத்தா.

டக். டக்.

இசக்கி மட்டும் கீழ போகல, ஆறு வருஷத்துக்கு முன்னாடி அரைத்தூக்கத்துல கேட்டதும் இதே சத்தம்தான். அய்யா எதையும் ரெண்டு தரம் பாக்குற ஆளு கிடையாது. கதவு, அடுப்பு, வெளக்கு, ஸ்கூல் பையோட வாரு, எல்லாத்தையும் ரெண்டு தரம் இழுத்துப் பாக்குறது வேற ஒருத்தி.

அந்தம்மா காலி டபராவை எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கினா, மொதல் மாடித் திருப்பத்துல திரும்பினா, தரைக்கு வந்து சேரல. மணி மூணு ஆச்சு. எல்லாரும் அண்ணாந்து ஜன்னலைப் பாத்தாங்க. மூணு அஞ்சு. மூணு பத்து. பூட்டு பூட்டினபடி இருந்துச்சு, கூரையில கீறல் இல்ல, கம்பிக்குப் பின்னாடி யாரும் இல்ல. விசில் அடிக்கத் தெரிஞ்ச தெரு அது, அன்னைக்கு ஒருத்தரும் அடிக்கல. கன்னியப்பன் மட்டும், "போய்ச் சேந்துடும்"னார்.

இசக்கி அங்கேயே உக்காந்து போனைப் போட்டா.

"அம்மா."

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"அக்கா ரூமு பூட்டுக்கு ரெண்டு சாவியாம்மா?"

அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டுச்சு. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"பூட்டு வாங்குனா ரெண்டு சாவி குடுப்பாம்லா."

"இன்னொண்ணு எங்க?"

"உப்புப் பானைக்குள்ளதான் கெடக்கு. துருவேறிப் போச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியேட்டி. பால்காரன்கிட்ட கேட்ட. பூசாரிகிட்ட கேட்ட. ஸ்கேல வச்சு ஜன்னல அளந்த. எங்கிட்ட மட்டும் நீ கேக்கவே இல்லியே."

"அவ எங்கம்மா இருக்கா?"

"தெரியாது. எங்க போறேன்னு சொல்ல வந்தா. நான்தான் அவ வாயப் பொத்திட்டேன். தெரிஞ்சிருந்தா, ஒங்கய்யா அடிச்ச அடியில சொல்லிருப்பேன்." அம்மா மூச்சை இழுத்து விட்டா. "ஆறு வருசமா எந்தத் தெசையப் பாத்து அவள நெனைக்கதுன்னு தெரியல தாயி."

மறுநாள் ஹீரோவுக்குக் கதை சொல்லுற எடத்துல இசக்கி இல்ல. ஊருக்குத் தெக்க போற பஸ்ல ஜன்னலோர சீட்டுல இருந்தா, மடியில ஸ்கிரிப்டு. திண்டிவனம் தாண்டி, வெயில் ஏறி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல வண்டி பத்து நிமிஷம் நிக்கும்னார் கண்டக்டர். எறங்கினா. பழக்கடைக்குப் பக்கத்துத் தூண்ல சாஞ்சு, ஊதாப் பையோட வசுமதி நின்னுக்கிட்டிருந்தா.

"நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன். வந்துட்டேன் பாத்தியா." சிரிச்சா. சிரிப்பு பாதியில நின்னுச்சு. "ஆனா இங்க வந்தும் ஒண்ணு வெளங்க மாட்டேங்குது இசக்கி. ஒவ்வொரு பஸ்ஸா எறங்குற ஆளுங்களைப் பாக்குறேன். யாரைப் பாத்தா போதும்னு தெரியல."

இசக்கி ஸ்கிரிப்டைப் பிரிச்சா. சீன் நாப்பத்திமூணு: வசுமதி யாருக்காகவோ காத்திருக்கிறாள். அந்த 'யாருக்காகவோ'வை அடிச்சா. தூண்ல பேப்பரை வச்சு எழுதினா, எழுத எழுதச் சத்தமாச் சொன்னா.

"பேச்சி. இருவத்தாறு வயசு ஆயிருக்கும் இப்ப. எடது புருவத்துல ஒரு வெட்டு, உப்புப் பாத்தியில விழுந்தது. செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடப்பா, தூரத்துலயே கேக்கும். கோவம் வந்தா சிரிப்பா. பஸ்ஸை விட்டு எறங்கினா மொத வேலையா முடியை அவுத்துக் கட்டுவா."

வசுமதி கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டா. தொறந்தப்ப அவ பாக்குற பார்வையே மாறியிருந்துச்சு, கூட்டத்துல ஒரு முகத்தைத் தேடுற பார்வை.

"ஏம்மா, வர்றியா, இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"ன்னு கண்டக்டர் தட்டினார்.

இசக்கி ஓடிப்போய்ப் படியில கால் வச்சா.

"அவ வந்தா என்ன கேக்கணும்?"னு பின்னால இருந்து வசுமதி கத்தினா.

எங்க போன, ஏன் போன, எப்படி ஒரு வார்த்தைகூட இல்லாம இருக்க முடிஞ்சுது, ஆறு வருஷமா அடுக்கி வச்ச அத்தனையும் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. வண்டி நகந்துக்கிட்டிருந்துச்சு.

"ஒண்ணும் கேக்காதீங்க"ன்னா இசக்கி. "ஒரு காபி மட்டும் வாங்கிக் குடுங்க, அக்கா."